டேல் ட்ரெவாரோவின் இடதுகைத் துப்பாக்கி

மிச்சிகன் மாநிலம், ஆல்டர் கவுண்டி ஷெரீப் அலுவலகத்தில், 2022 அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை, துப்பறியும் சார்ஜென்ட் லொரெய்ன் போட்ரி அவர்கள் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.

வாக்குமூலம் கொடுப்பவர் ரவுனோ ஹியேட்டாலா, வயது ஐம்பத்தேழு, தகப்பனார் பெயர் ஓனி ஹியேட்டாலா (காலமானார்), கவுண்டி சாலைத் துறை ஓட்டுநர், ஹெம்லாக் சாலை, ஸ்டர்ஜன் மில்ஸ்.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே இடது கைப் பழக்கம். துப்பாக்கி சுடுவதும் இடது தோளில் வைத்துத்தான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. நான் சொல்லப்போவது என் உடன்பிறந்த தம்பி ஆர்னிக்கு எதிராகப் போகக்கூடும் என்று சார்ஜென்ட் எனக்கு எடுத்துச் சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

டேல் ட்ரெவாரோ என்பவரை எனக்குப் பள்ளி நாளிலிருந்து தெரியும். அவரும் இடது கைக்காரர். எங்கள் ஊரில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் நாங்கள் இரண்டு பேர்தான் அப்படி. மற்றவர்கள் எங்களை ஒரே பக்கம் உட்கார வைப்பார்கள், சாப்பாட்டு மேசையில் முழங்கை இடிக்கக்கூடாது என்று. டேலிடம் முதலில் எல்லோரையும் போல வலது கைக்காரருக்குச் செய்த செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் ஒன்று இருந்தது. விசையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை அது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வலப்பக்கமாகத் தெறிக்கும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்குக் கூடு வெளிவரும் அந்த வாய் மூக்குக்கு நேர் முன்னால் இருக்கும். ஒரு தடவை சூடான கூடு அவர் சட்டைக் காலருக்குள் விழுந்து, மானை விட்டுவிட்டு அவர் பனியில் குதித்த குதியை எங்கள் வேட்டைக் குடிலில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தோம்.

அதன் பிறகு அவர் எஸ்கனாபாவில் நடந்த துப்பாக்கிக் கண்காட்சியில் ஒரு முதியவரிடம் இடது கைக்காரருக்கென்றே செய்த செமி ஆட்டோமேட்டிக் ஒன்றை ரசீது எதுவும் இல்லாமல் நேராக வாங்கினார். கூடு இடப்பக்கம் தெறிக்கும், பாதுகாப்புப் பொத்தானும் இடது கைக்கு வாகாக மாற்றி வைத்திருக்கும். நான் கூட இருந்தேன். டேலுக்குக் கை குட்டை. அதனால் தோளில் வைக்கும் மரக்கட்டையின் அடிப்பகுதியைக் கொஞ்சம் அறுத்துக் குறைக்க வேண்டியிருந்தது. அறுத்தவன் நான். ரம்பம் பாதியில் விலகி வெட்டு கோணலாகிவிட்டது. அதை மரத்தூளும் பசையும் வைத்து நிரப்பி, மேலே ரப்பர் அட்டையைத் திருகாணி போட்டு மூடினோம். முதலில் போட்ட திருகாணி ஓட்டைகள் இரண்டும் தவறான இடத்தில் விழுந்து, உள்ளே அப்படியே இருக்கின்றன. சார்ஜென்ட் அந்த ரப்பரைக் கழற்றினால் அவற்றைப் பார்க்கலாம்.

2018 நவம்பரில், மான் வேட்டைப் பருவம் தொடங்கிய அடுத்த வாரம், மேற்படி டேல் தன் துப்பாக்கியுடன் சீடர் மரச் சதுப்புக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய பிக்கப் வண்டி காட்டுப்பாதை முனையில் நின்றது. அன்று மதியம் லேசாகத் தொடங்கிய பனி சாயங்காலம் வலுத்து, முழங்கால் அளவுக்கு விழுந்து தடத்தையெல்லாம் மூடிவிட்டது. அடுத்த நாள் காலையிலிருந்து ஊர் முழுக்கத் தேடியது. நாய்கள் வந்தன, ஹெலிகாப்டர் வந்தது. நானும் தேடினேன். என் தம்பி ஆர்னியும் தேடினான். ஓடைக்கு வடக்குப் பக்கத்தை யார் பார்ப்பது என்று கேட்டபோது ஆர்னிதான் முதலில் கை தூக்கினான். அந்தப் பக்கம் தனக்கு உள்ளங்கை மாதிரி தெரியும், வேறு யாரும் வர வேண்டாம், புதைசேறு இருக்கிறது என்று சொன்னான். நாங்கள் அதற்கு அவனைப் பாராட்டினோம்.

ஆளும் கிடைக்கவில்லை, துப்பாக்கியும் கிடைக்கவில்லை. துப்பாக்கியின் எண் டேலின் மனைவி மார்லிஸுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உடல் கிடைக்காததால் சவ அடக்கம் நடக்கவில்லை. அதன் பிறகு ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. டேலுக்கு விஸ்கான்சின் பக்கம் கிரீன் பேயில் ஒரு பெண் இருந்தாள், வண்டியை இங்கே விட்டுவிட்டு அவளோடு போய்விட்டார் என்றார்கள். மதுக்கடையில் அவர் பெயரே 'கிரீன் பே டேல்' என்றாகிவிட்டது. ஒரு நாள் மார்லிஸ் கடையில் பால் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் காதில் விழும்படி ஒருவன், "புதுப் பொண்டாட்டி நல்லா சமைக்கிறாளாம்ல?" என்று சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு மார்லிஸ் எங்கள் ஊர்க் கடைக்கு வருவதில்லை. அடுத்த ஊருக்குப் போய் வாங்குகிறார்.

இந்த வருடம் மார்ச் மாதம் வேலையில் வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டும்போது எனக்கு இடது தோளில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். கை பழையபடி முழுதாக நீட்ட வரவில்லை. நான் இதுவரை வைத்திருந்தது என் தகப்பனாரின் வலதுகை ரைபிள். ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் இடது கையைத் துப்பாக்கிக்கு மேலாக அந்தப் பக்கம் கொண்டுபோய், அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுக்க வேண்டும். சுடும்போது தோளில் விழும் உதையும் அதிகம். மருத்துவர் என்னிடம், "சுடாதீங்கன்னு சொன்னா நீங்க கேக்கவா போறீங்க? உதை கம்மியா இருக்கறதாப் பார்த்து வாங்கிக்கங்க" என்றார். செமி ஆட்டோமேட்டிக்கில் உதை குறைவு. அதனால்தான் கோர்டி லெமியூவின் கடைக்குப் போனேன். போனது கடந்த வெள்ளிக்கிழமை மதியம்.

கோர்டி முதலில் ஒரு புதிய வலதுகை செமி ஆட்டோமேட்டிக்கை எடுத்துக் கொடுத்தார். "இடதுகைக்காரன் பாதிப் பேரு இதைத்தான்யா சுடுறான். ஒரு பெட்டி தோட்டா தீர்றதுக்குள்ள பழகிடும்" என்றார். கடைக்குப் பின்னால் மண்மேட்டை நோக்கிச் சுடும் இடம் இருக்கிறது. அங்கே சுட்டுப் பார்த்தேன். உதை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டாவது தடவையே மருந்துத் தூள் என் மூக்குக் கண்ணாடியில் வந்து படிந்தது, கூடு என் தொப்பி விளிம்பை உரசிக்கொண்டு போனது. பாதுகாப்புப் பொத்தானைத் தள்ள விரல் கோணிக்கொண்டது. எனக்கு மூன்றாவது தடவை விசையை இழுக்கும்போது கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு மான் சுட முடியாது என்று கோர்டியிடம் சொன்னேன்.

கூடு கீழ்ப்பக்கமாக விழும் வகை ஒன்று உண்டு என்றும், அதை வரவழைப்பதற்குள் வேட்டைப் பருவம் முடிந்துவிடும் என்றும் கோர்டி சொன்னார். அதன் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அசல் இடதுகைத் துப்பாக்கி ஒண்ணு உள்ள கெடக்கு. எவனும் தொட மாட்டேங்கிறான். உனக்குத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போய்ப் பழைய உறை ஒன்றை எடுத்து வந்தார்.

துப்பாக்கியை வாங்கிக் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோளில் வைத்தேன். பொருந்தியது. அறுவை சிகிச்சைக்கு முன்பாக இருந்திருந்தால் எனக்குக் கட்டை குட்டையாக இருந்திருக்கும். இப்போது கை முழுதாக நீளாததால் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. ரப்பர் அட்டைக்கு மேலே, கட்டையும் ரப்பரும் சேருமிடத்தில், மரத்தூள் நிரப்பிய கோணல் கீற்று இருந்தது. அதை என் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். கையில் பிடித்திருப்பது யாருடையது என்று அப்போது தெரிந்துவிட்டது.

கோர்டி, "என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்றார். அதன் பிறகு, "சரி சரி, வெளையாட்டு போதும். உன் துப்பாக்கியையே உனக்கு வித்துடலாமான்னு பார்த்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். புரியவில்லை என்று சொன்னேன். "உன் தம்பிதானய்யா கொண்டாந்து குடுத்தான். இந்தச் சுத்துவட்டாரத்துல ஒன்னைய விட்டா வேற எந்த இடதுகைக்காரன் இருக்கான்? தோள் ஆபரேஷன் ஆனதால நீதான் விக்கச் சொல்லிட்டேன்னு நெனச்சேன். இப்ப நீயே வந்து துப்பாக்கி கேக்குறே" என்றார்.

"எடுத்து வை. யாருக்கும் காட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு நேராக ஆர்னி வீட்டுக்குப் போனேன். ஆர்னிக்கு வயது நாற்பத்தொன்பது, மரம் வெட்டும் வேலை. அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவன் கொட்டகையில் ரம்பச் சங்கிலியின் பற்களை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தான். கோர்டி கடையில் ஒரு துப்பாக்கி பார்த்தேன் என்று சொன்னேன்.

"வாங்கிட்டியா அண்ணே?" என்று கேட்டான். அரத்தை நிறுத்தவில்லை.

"அது டேலோடது" என்றேன்.

அவன் அந்தப் பல்லைத் தீட்டி முடித்தான். அடுத்த பல்லையும் தீட்டினான். அதன் பிறகு அரத்தைத் துணியில் துடைத்து அதன் இடத்தில் தொங்கவிட்டுவிட்டு, "நான் அவரைக் கொல்லல அண்ணே" என்றான்.

அதன் பிறகு ஆர்னி சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன். டேல் காணாமல் போனதற்கு முந்தைய வருடம் அவன் சாலையோரத்தில் வண்டியிலிருந்தே பெண் மானைச் சுட்டுப் பிடிபட்டு, அவனுடைய வேட்டை உரிமம் ரத்தாகியிருந்தது. மறுபடி துப்பாக்கியோடு காட்டில் பிடித்தால் சிறை என்று நீதிபதி எச்சரித்து அனுப்பியிருந்தார். ஆனாலும் டேல் காணாமல் போன அன்று அவன் திருட்டுத்தனமாக ஓடைக்கு வடக்கே சதுப்பில் இருந்தான். மதியத்துக்குப் பிறகு ஒரு சீடர் மரத்தடியில் டேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். முதலில், தன்னைப் பார்த்துவிட்டார் என்று பயந்து மரத்துக்குப் பின்னால் ஒளிந்தான். டேல் அசையாததால் கிட்டே போனான். துப்பாக்கி அவர் மடியில் குறுக்கே கிடந்தது. அதன் மேல் பனி விழுந்து உட்கார்ந்திருந்தது. அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டான். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வரும்போது துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். "நல்ல துப்பாக்கி அண்ணே. நனைஞ்சுக்கிட்டு இருந்துச்சு" என்றான். வேறு காரணம் அவன் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்லத்தான் நினைத்தானாம். அதற்குள் பனி பிடித்துக்கொண்டது. நீ அங்கே என்ன செய்தாய் என்று கேட்பார்களே என்று பயமாக இருந்தது. காலையில் பார்த்தால் ஊரே திரண்டு நின்றது. "மொத நாள் சொல்லாதது ரெண்டாம் நாள் எப்படிச் சொல்றது? அப்புறம் வாயே தெறக்கல" என்றான்.

இத்தனை வருடம் கழித்து ஏன் விற்றாய் என்று கேட்டேன். துப்பாக்கியைக் கூரைக்குள் பலகைக்கு மேல் வைத்திருந்தானாம். இந்தக் கோடையில் ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, அதை எடுத்துக்கொண்டு பழைய சரளைக்கல் குழிக்குப் போய் ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்த்தான். ஆர்னி வலது கைக்காரன். வலது தோளில் வைத்துச் சுட்டால் இந்தத் துப்பாக்கியின் கூடு அவன் முகத்தின் குறுக்கேதான் போகும். அது கன்ன எலும்பில் பட்டுச் சுட்டுவிட்டது. அந்தத் தழும்பை எனக்குக் காட்டினான். சிறிய பிறை மாதிரி இருக்கிறது. மரக்கிளை பட்டது என்று அவன் எங்களிடம் ஜூலையில் சொல்லியிருந்தான். "அவரே அறைஞ்ச மாதிரி இருந்துச்சு அண்ணே. திரும்பிப் பார்த்தேன்" என்றான். அதன் பிறகு அது இருக்கும் கூரைக்குக் கீழே அவனால் தூங்க முடியவில்லை. ஏரியில் எறியப் போய், நல்ல துப்பாக்கியை எறிய மனம் வராமல் திரும்பியிருக்கிறான். கோர்டியிடம் கொடுத்தால் வெளியூர்க்காரன் எவனாவது வாங்கிப் போய்விடுவான் என்று நினைத்திருக்கிறான்.

பேசி முடித்த பிறகு ஆர்னி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீயே அதை வாங்கிடு. நீ இடது கை. உன் கையில இருந்தா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். உன் தோளுக்கும் அதான் ஒத்து வரும். டேல் இருந்தா உனக்குத்தான் குடுத்திருப்பாரு" என்றான். நான் பதில் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இதை சார்ஜென்ட் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை மறுபடி கோர்டி கடைக்குப் போனேன். சுட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். வாங்குவதற்காகப் போனேனா என்று சார்ஜென்ட் கேட்டதற்கு, ஆமாம், அந்த எண்ணமும் இருந்தது என்று சொல்கிறேன். ஆர்னியின் பெண்ணுக்கு நான்தான் ஞானத்தந்தை. அவள் இன்னும் படிப்பை முடிக்கவில்லை. டேல் எப்படியும் திரும்பப் போவதில்லை என்றும் நினைத்துக்கொண்டேன்.

மண்மேட்டில் வைத்த குறி அட்டையை நோக்கி மூன்று குண்டு சுட்டேன். தோள் வலிக்கவில்லை. முகத்தில் தூள் வரவில்லை. கூடுகள் இடப்பக்கமாகப் போய்ப் புல்லில் விழுந்தன. என் வாழ்க்கையில் எனக்கு எதிராக வேலை செய்யாத துப்பாக்கியை அன்றுதான் முதல் தடவை சுட்டேன். மூன்று ஓட்டையையும் ஒரு கோப்பையால் மூடிவிடலாம். கோர்டி தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "யோவ், இது உனக்காகவே செஞ்சதுய்யா" என்றார்.

அப்போது கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுத்தேன். இடது கைக்காரன் கன்னம் வைக்கும் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, மரத்தின் மெருகு போய் வெளுத்திருந்தது. டேலுக்குத் தாடி முரட்டுத் தாடி. வருஷக்கணக்காக அது உரசி உரசித் தேய்ந்த இடம். என் கன்னம் சரியாக அதன் மேல்தான் இருந்திருக்கிறது. மரம் இன்னும் சூடாக இருந்தது, என் சூடுதான். ஒவ்வொரு நவம்பரும் அந்த இடத்தில் முகத்தை வைக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் என்னால் அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, "இது டேல் ட்ரெவாரோவோட துப்பாக்கி" என்றேன். கோர்டி அப்படியே தோட்டாப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஆர்னி..." என்று ஆரம்பித்தார். "உள்ள வச்சுப் பூட்டு. ஷெரீப் ஆளுங்க வருவாங்க" என்று சொன்னேன். கோர்டிக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாது என்பதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்னி வீட்டுக்குப் போய், இடத்தைக் காட்டு என்று சொன்னேன். அவன் மறுக்கவில்லை. இலையுதிர்காலம் என்பதால் தண்ணீர் வற்றியிருந்தது. ஓடையைத் தாண்டி வடக்கே போனோம். ஆர்னி முன்னால் நடந்தான். ஒரு இடத்தில்கூட அவன் நின்று வழி பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை, அதுவும் பனிக்காலத்தில் போன இடத்துக்கு அப்படி நடக்க முடியாது.

"அடிக்கடி வருவியா?" என்று கேட்டேன்.

"பனி உருகினதும் ஒரு தடவை வருவேன்."

"எதுக்கு?"

"தனியா இருக்காரேன்னு" என்றான்.

சீடர் மரம் சார்ஜென்ட்டிடம் நான் வரைபடத்தில் காட்டிய இடத்தில் இருக்கிறது. ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை கிழிந்து, வெளுத்து, வேர்களுக்கு நடுவில் கிடந்தது. பூட்ஸ் ஒன்று தெரிந்தது. காப்பிக் குடுவை நிமிர்ந்தபடியே, மூடி போட்டபடியே நின்றது. மற்றதை நான் உற்றுப் பார்க்கவில்லை. எதையும் நான் தொடவில்லை, ஆர்னியையும் தொட விடவில்லை.

அங்கே நின்றுகொண்டுதான் அவனிடம் கேட்டேன். "செத்துட்டார்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மடியில விழுந்த பனி உருகல" என்றான்.

"கையத் தொட்டுப் பார்த்தியா?"

"கையுறை போட்டிருந்தாரு."

"கழட்டிப் பார்த்தியா?"

இதற்கு ஆர்னி பதில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியிலும் சொல்லவில்லை. இந்த வாக்குமூலம் கொடுக்கும் வரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. சார்ஜென்ட் அவனிடம் கேட்கும்போது அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அவன் எதைச் சொன்னாலும் உண்மையாக இருக்குமா என்பதும் எனக்குத் தெரியாது.

காட்டுப்பாதைக்கு வந்ததும் ஆர்னி என் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. ஷெரீப் அலுவலகத்துக்கு நீயாக வருகிறாயா, நான் போகட்டுமா என்று கேட்டேன். ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன், பெண்ணிடம் தானே சொல்ல வேண்டும் என்றான். அந்த ஒரு நாளை நான் கொடுத்தேன். அது சட்டப்படி தவறு என்றால் அதற்கு நான் பொறுப்பு.

அதன் பிறகு நேற்று திங்கட்கிழமை மார்லிஸ் ட்ரெவாரோ வீட்டுக்குப் போனேன். மற்றவர் வாயிலிருந்து அவர் இதைக் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். அவர் வாசலில் மேப்பிள் இலைகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "காப்பி போடவா ரவுனோ?" என்று கேட்டார். வேண்டாம், உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. வாரியைப் பிடித்துக்கொண்டே நின்றார். டேல் கிடைத்துவிட்டார், சதுப்பில், ஓடைக்கு வடக்கே என்று சொன்னேன்.

"அப்போ அவரு போகல" என்றார். "எங்கயும் போகல. இங்கதான் இருந்திருக்காரு." அதையே இரண்டு மூன்று தடவை, எனக்குச் சொல்வது போல அல்லாமல், சொல்லிக்கொண்டார்.

யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். ஆர்னி அன்றே பார்த்தான், துப்பாக்கியை எடுத்துக்கொண்டான், யாரிடமும் சொல்லவில்லை என்று. "ஆர்னியா?" என்றார். "தேடுன நாள்லயெல்லாம் என் சமையலறையில உக்காந்து காப்பி குடிச்சானே. குளிர்காலம் வந்தா என் வீட்டுப் பாதையில பனியை அள்ளிப் போடுறது அவன்தானே. காசு குடுத்தா வாங்க மாட்டான். நான் ஆப்பிள் பை சுட்டு வச்சு அனுப்புவேன்." அதன் பிறகு வாரியைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது சரிந்து விழுந்தது. மறுபடி எடுத்துச் சாய்த்து வைத்தார்.

கிளம்பும்போது என் கைச்சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருந்தாரு?" என்று கேட்டார். "ரோட்டுப் பக்கம். வீட்டைப் பார்த்து" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

இன்று காலை ஆர்னி சொன்னபடி என் வீட்டுக்கு வந்தான். முகச்சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தான். என் வண்டியில் இருவரும் வந்தோம். அவன் இப்போது இந்த அலுவலகத்தின் முன் அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

இத்துடன் சேர்க்க வேறு ஏதாவது இருக்கிறதா என்று சார்ஜென்ட் போட்ரி கேட்டார். ஒன்று இருக்கிறது. மார்லிஸிடம் நான் சொன்னது உண்மையல்ல. டேல் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று ஆர்னி என்னிடம் சொல்லியிருந்தான். மரத்தின் வடக்குப் பக்கம், சதுப்பைப் பார்த்து. ரோடும் வீடும் அவருக்கு முதுகுக்குப் பின்னால். நான் பார்த்த வேர்களும் பூட்ஸும் அந்தப் பக்கம்தான் இருந்தன. இந்தத் தாளின் நகலை மார்லிஸ் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று சார்ஜென்ட் சொன்னார். இந்த வரியை அடித்துவிட வேண்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மேலே உள்ளவை நான் கண்டவையும், கேட்டவையும், செய்தவையும். சார்ஜென்ட் எழுதியதை எனக்கு உரக்கப் படித்தார், நானும் ஒரு தடவை படித்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இது உண்மை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ரவுனோ ஹியேட்டாலா

என் முன்பாக,
(ஒப்பம்) துப்பறியும் சார்ஜென்ட் லொரெய்ன் போட்ரி